சுவரில் விரிந்த பாய்

கண்ணில் சொட்டு விட்ட நர்ஸ் பெண், கண்ணைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். முக்கால் மணி ஆகும் தாத்தா, நடுவில் இன்னும் ரெண்டு தடவை வந்து சொட்டு விடுவேன், எட்டிப் பார்க்கிற வேலையெல்லாம் வேண்டாம் என்றாள். தாத்தா. எழுபத்து மூன்று வயதுக்கு அந்தச் சொல் நியாயமானதுதான். ஆனால் நாற்பது வருஷம் ‘சார்’ என்கிற ஒற்றைச் சொல்லில் குடியிருந்தவனுக்கு வீட்டைக் காலி பண்ணச் சொன்ன மாதிரி இருக்கிறது. சொட்டு முதலில் குளிர்ந்தது, பிறகு எரிந்தது, இப்போது தொண்டையில் கசக்கிறது. கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவே ஒரு வாய்க்கால் இருக்கிறதாம், அது வழியாக இறங்குகிறது. நல்ல கசப்பு. ஊமத்தையின் கசப்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள ஆசையாக இருக்கிறது. உண்மையில் இது தொழிற்சாலையில் செய்த மருந்து, ஊமத்தைக்குத் தூரத்துப் பங்காளி. ஊமத்தையில் உள்ள சத்து கண்மணியை அகலத் திறந்துவிடும், அதைப் பார்த்துத்தான் இந்த மாதிரி மருந்துகளைச் செய்யக் கற்றார்கள். சிவன் தலையில் பிறைக்குப் பக்கத்தில் இருக்கிறதே, அந்த ஊமத்தை. போதையையும் அது காட்டும் காட்சிகளையும் பற்றிய என் புத்தகத்தில் அதற்கு ஒரு முழு அத்தியாயம் உண்டு. வேதத்தில் வரும் சோமச் செடி எது என்று நான்கு கட்சிகள் சண்டை போட்டதில் தொடங்கி, கிரேக்கர்களின் டெல்ஃபியில் குறி சொன்னவளுக்குப் பாறை வெடிப்பிலிருந்து வந்த ஆவி, மெக்சிகோ மலைவாசிகள் போதை தரும் கள்ளிப் பொத்தானைத் தின்றுவிட்டு நூலை ஒட்டிச் செய்யும் ஓவியம், காசியில் கஞ்சா இலையைப் பாங்காக அரைக்கும் அம்மிகள் என்று போய், தமிழ்நாட்டு ஓவியர் ஒருவரிடம் வந்து முடிகிற புத்தகம். நானூற்றுப் பதினாறு பக்கம். எழுதியவன் பில்டர் காபிக்கு மேல் எதையும் தொட்டதில்லை. காசியில் ஆராய்ச்சிக்காக ஒரு மண் குவளை பாங்கு வாங்கினேன். நிறத்தைக் குறித்துக்கொண்டேன், நுரையைக் குறித்துக்கொண்டேன், பிறகு சாக்கடையில் கவிழ்த்தேன். படியில் உட்கார்ந்திருந்த சாமியார் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தத் திருப்பலைப் பற்றி நான் எதுவும் குறித்துக்கொள்ளவில்லை.

இன்றைக்கு ஒரே ஒரு காரியம் முடிவாக வேண்டும். உள்ளே போனதும் டாக்டரிடம் அந்தச் சின்ன ஆட்களைப் பற்றிச் சொல்வதா, வேண்டாமா. பொங்கலுக்குப் பிறகு வந்தார்கள். ஒரு ஜாண் உயரம், சிவப்புத் தலைப்பாகை, மடக்கிய குடை. என் புத்தக அலமாரியின் மேல்தட்டில் இடமிருந்து வலமாக நடந்து போகிறார்கள், அகராதிகள் முடிகிற இடத்தில் காணாமல் போகிறார்கள். சத்தம் கிடையாது. என்னைத் திரும்பிப் பார்ப்பதும் கிடையாது. கண்ணை மூடினால் இல்லை, திறந்தால் விட்ட இடத்திலிருந்து நடக்கிறார்கள். முதல் நாள் பயந்தேன். இரண்டாம் வாரம் எண்ண ஆரம்பித்தேன். மாசி முடிவதற்குள் காலைக் காபியோடு அவர்களுக்காகக் காத்திருக்கத் தொடங்கிவிட்டேன் என்பதை இந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு ஒத்துக்கொள்வதில் தப்பில்லை. வாழ்நாள் முழுக்கப் பிறர் கண்ட காட்சிகளை வகை பிரித்தவனுக்கு ஒரு காட்சி வாய்த்திருக்கிறது, அதில் ஒரு தெய்வம் இல்லை, ஒரு ஒளி இல்லை, குடை இருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. மகள் சங்கரியிடம் நிச்சயமாகச் சொல்லவில்லை. கதவுக்கு வெளியே பைலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அம்மா போன நாளிலிருந்து, கோயம்புத்தூருக்கு வந்துவிடுங்கள், தனியாக இருந்தது போதும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள், நான் மறுத்துக்கொண்டிருக்கிறேன். அலமாரியின் மேல் ஆட்கள் நடக்கிறார்கள் என்று தெரிந்தால் அன்றைக்கே மூட்டை கட்டிவிடுவாள். ஆனால் அதுவல்ல என் பயம். அந்தப் பயத்தை முன்னால் நிறுத்தி வைத்திருக்கிறேன், பின்னால் இருப்பது தெரியாமல் இருக்கட்டும் என்று. பின்னால் இருப்பது சுவர்.

“ஐயாவுக்கு எந்தக் கண்ணு?” வலது பக்கத்து நாற்காலி கேட்கிறது. நடு வயது தாண்டிய குரல், வெற்றிலை வாசனை. ரெண்டும் என்றேன். “எனக்கு வலது. இடதப் போன வருசமே அறுத்தாச்சு. அதுக்குப் பொறகுதேன் மருமக மொகம் தெளிவாத் தெரிஞ்சுச்சு. அறுக்காமலே இருந்திருக்கலாம்.” வரிசை முழுவதும் சிரிக்கிறது. பத்துப் பன்னிரண்டு பேர் கண்ணை மூடிக்கொண்டு சிரிப்பதை நான் பார்க்க முடியவில்லை என்பது வருத்தம். உசிலம்பட்டிப் பக்கமாம், பெயர் மொக்கச்சாமியாம். என்ன தொழில் என்றேன். “கோடாங்கி. குறி சொல்லுறது. ஐயா?” வாத்தியார் என்றேன். “அதுவும் அப்பிடித்தேன்” என்றார். எனக்குள் பழைய நாய் காதைத் தூக்கியது. ஐந்தாம் அத்தியாயம்: உடுக்கை, சாமியாட்டம், போதைப் பொருள்களின் பங்கு. களப்பணி என்று இரண்டு தடவை போனேன், இரண்டு தடவையும் கார் வைத்துக்கொண்டு போனேன். உடுக்கை எடுக்கிறதுக்கு முன்னால் என்ன சாப்பிடுவீர்கள் என்று இவரிடமும் கேட்டேன். “ஒரு டீ.” சாராயம், கஞ்சா? “சாராயம் சாமிக்குப் படைக்கிறதுய்யா. அத எங்க மச்சினன் எடுத்துக்கிருவான். நமக்குச் சுகரு.” பிறகு எப்படிச் சாமி வருகிறது? “பஸ்ஸு எப்பிடி வருது? அது நேரத்துக்கு அது வருது.” வரும்போது கண்ணுக்கு என்ன தெரியும் என்று விடாமல் கேட்டேன். வெற்றிலையை வாயில் இடம் மாற்றுகிற சத்தம் கேட்டது. “ஒண்ணும் தெரியாதுய்யா. தெரிஞ்சா அது நானு. தெரியலைன்னாத்தேன் சாமி. முடிஞ்ச பெறகு பக்கத்துல இருக்கவங்ககிட்டக் கேட்டுக்கிருவேன், என்ன சொன்னேன்னு.” எனக்கு அன்று பேட்டி கொடுத்த இரண்டு கோடாங்கிகளும் குடிப்போம் என்று சொல்லியிருந்தார்கள். நான் கேட்ட விதத்திலேயே பதில் இருந்திருக்கும். காரில் வந்த மனுஷன், நோட்டும் கையுமாக நிற்கிறான், அவன் ஆசைப்படுவதைச் சொல்லி அனுப்பினால் என்ன குறைந்துவிடும் என்று நினைத்திருப்பார்கள். ஐந்தாம் அத்தியாயம் முப்பத்தொரு பக்கம், பாதிக்கு மேல் அந்த மரியாதையின் மேல் கட்டியது.

அடுத்த சொட்டு. “தாத்தா, மேல பாருங்க. மூடிக்கங்க. பேசாம இருங்க, பேசினாக் கண்ணு துடிக்கும்.” திறந்த அந்த இரண்டு விநாடியில் சுவரைப் பார்த்துவிட்டேன். இருக்கிறது. ஆஸ்பத்திரிச் சுவர் வெறும் வெள்ளை, இளநீலக் கோடு ஒன்று, அவ்வளவுதான் இருக்க வேண்டும். அதன் மேல் பத்தமடைப் பாய் விரித்த மாதிரி ஒரு பின்னல். ஊடும் பாவுமாகச் சின்னச் சின்னக் கட்டங்கள், ஓரத்தில் மட்டும் செம்மண் நிறம். ஆட்கள் பொங்கலுக்குப் பிறகு வந்தார்கள், பாய் வந்தது போன மாதம். அது வந்த அன்று எனக்குப் பயம் வரவில்லை. நான் அதை அடையாளம் கண்டுகொண்டேன், அது பயத்தைவிட மோசமாக இருந்தது. ஏனென்றால் அதே பாய் என் கூடத்தில் சட்டம் போட்டுத் தொங்குகிறது, கீழே வலது மூலையில் அற்புதராஜ் என்று கையெழுத்தோடு. அற்புதராஜ் தெற்கே ஒரு மிஷன் பள்ளியில் டிராயிங் மாஸ்டர். இளவயதில் சாமியார்களோடு சுற்றிக் கஞ்சா பிடித்தவர், அதை மறைத்ததும் கிடையாது. நாற்பதைத் தாண்டி எஸ்தரைக் கல்யாணம் செய்துகொண்டதும் விட்டுவிட்டார். மலைகளும் ஆடுகளுமாக வரைந்துகொண்டிருந்தவர் ஐம்பது வயதுக்கு மேல் திடீரென்று கட்டங்களாக வரைய ஆரம்பித்தார். ஒன்றல்ல, இருபத்திரண்டு ஓவியம், எல்லாம் பாய், எல்லாவற்றிலும் ஓரத்தில் செம்மண். நான் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிட்டேன். போன நூற்றாண்டில் மேல்நாட்டில் ஆய்வுக்கூடத்தில் உட்காரவைத்து மருந்து கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள், மருந்து உண்டவர் கண்ணில் முதலில் தோன்றுவது நான்கே வடிவம்தான்: கட்டம், சிலந்திவலை, சுரங்கம், சுருள். இதோ கட்டம், இதோ கஞ்சா பிடித்த ஓவியர். இரண்டையும் ஒரு கோட்டால் இணைத்தேன், கோடு நேராக இருந்தது. கோடு நேராக இருந்தால் எனக்குச் சந்தேகமே வருவதில்லை, அது என் படிப்பின் கோளாறு.

அவர் சொன்னார். இதுதான் திரும்பத் திரும்ப இடறுகிற இடம். அவர் என்னிடம் சொன்னார். அவர் வீட்டு மாடியறையில், ஜன்னலோரம், தாளை மூக்குக்குக் கிட்டே வைத்துப் பார்த்துக்கொண்டே, “சுவத்துல பாய் விரிக்குது சார். நான் அதை விட்டு ஒம்பது வருஷம் ஆச்சு. எஸ்தர் மேல சத்தியமா ஒண்ணும் தொடலை. இது தானா விரிக்குது” என்றார். நான் என்ன செய்தேன் என்றால், ‘பாய் விரிக்குது’ என்கிற தொடரைக் குறித்துக்கொண்டேன். என்ன அழகான தொடர், காட்சியை விருந்தாளியாகப் பாவிக்கிற தொடர் என்று பக்கத்தில் எழுதினேன். ஒரு நோயாளி தன் கோளாறைச் சொல்லிக்கொண்டிருந்தார், நான் அதைக் கவிதை என்று நினைத்தேன். தாளை ஏன் மூக்கில் ஒட்டிக்கொள்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானூற்றுப் பதினாறு பக்கம் தரிசனம் பற்றி எழுதினேன், கண் என்கிற உறுப்பைப் பற்றி ஒரு வரி இல்லை. ஒம்பது வருஷத்தையும் நம்பவில்லை. கலைஞன் மறைப்பான், மறுப்பே சான்று என்று எழுதினேன், என் அப்போதைய நடையில் அது ரொம்ப நன்றாக ஒலித்தது. கட்டுரை முந்நூறு பிரதி போகிற ஒரு சிற்றிதழில் வந்தது. அந்த முந்நூறில் ஒன்று அவருடைய பள்ளித் தமிழாசிரியருக்குப் போனது. அவர் நல்ல மனுஷன், நம்ம டிராயிங் மாஸ்டரைப் பற்றி இவ்வளவு பெரிய கட்டுரையா என்று பூரித்துப்போய் ஆசிரியர் அறைப் பலகையில் குத்திவைத்தார். மூன்றாம் நாள் தாளாளர் தேநீர் குடிக்க அந்தப் பக்கம் வந்தார். பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவர் இன்னமும் கஞ்சா பிடிக்கிறார் என்று அச்சில் இருக்கிறது, எழுதியவர் பேராசிரியர். ராஜினாமா எழுதித் தரச் சொன்னார்கள், எழுதிக் கொடுத்துவிட்டார். நான் பதறிப்போய் ஓடினேன். “நல்லா எழுதியிருந்தீங்க சார். எனக்குப் பிடிச்சுது. என்னைப் பத்தி இல்லை, அவ்வளவுதான்” என்றார். மூன்று வருஷத்தில் இறந்துபோனார். சர்க்கரை என்றார்கள், கண்ணையும் அதுதான் தின்றிருக்குமோ என்று இப்போது தோன்றுகிறது. அந்தக் கட்டுரைதான் என் புத்தகத்தின் கடைசி அத்தியாயம். மூன்றாம் பதிப்பின் மெய்ப்பு மேஜையில் கிடக்கிறது, ஞாயிற்றுக்கிழமைக்குள் திருப்பி அனுப்ப வேண்டும்.

ஆக, கேள்வி இதுதான். கண்ணை மூடிக்கொண்டு யோசித்தால் சுத்தமாக வருகிறது, அடைசல் இல்லாமல். பாய் என் மூளையில் விரிகிறது என்றால் நான் பிசகியவன். அப்போது என் பாய்க்கும் அற்புதராஜின் பாய்க்கும் சம்பந்தம் இருக்க வேண்டியதில்லை, புத்தகம் பிழைத்துவிடும், நான் கோயம்புத்தூரில் பேரன் அறையில் கிடப்பேன். பாய் கண்ணில் விரிகிறது என்றால் எனக்கு ஒன்றுமில்லை, புரை, அறுத்தால் போயிற்று. ஆனால் அற்புதராஜ் சொன்னது நிஜம், ஒம்பது வருஷமும் நிஜம், நான் ஒரு மனுஷனை வேலையை விட்டுத் துரத்தியிருக்கிறேன். எது வேண்டும் உனக்கு, நெல்லைநாயகம், என்று கேட்டுப் பார்க்கிறேன். சிரிப்பு வருகிறது, ஏனென்றால் ஒரு மாதமாக நான் இரவில் படுக்கும்போது வேண்டிக்கொள்வது என் புத்தி பிசகியிருக்க வேண்டும் என்றுதான். சொல்லாமலே இருந்துவிடலாம் என்பது மூன்றாவது வழி. அறுவை முடிந்து ஆட்கள் குடையோடு போய்விடுவார்கள், பாயைச் சுருட்டிக்கொண்டு போய்விடுவார்கள், பிறகு கேட்பதற்கு ஒன்றுமே இருக்காது. ஒழுங்கான கோழைத்தனம். ஆனால் ஒரு நாள் காலை எழுந்து அலமாரி மேல் வெறும் தூசியைப் பார்க்க வேண்டுமே என்று நினைத்தால் அதற்கும் மனசு இடம் கொடுக்கவில்லை, இத்தனைக்கும் நடுவில் இது ஒரு சில்லறைத் துக்கம்.

மொக்கச்சாமியிடம் சொல்லிப் பார்க்கத் தோன்றியது. ஒத்திகை மாதிரி. எனக்குத் தெரிந்த ஒருத்தருக்கு, என்று ஆரம்பித்தேன், எல்லாக் கோழைகளும் ஆரம்பிக்கிற மாதிரி. சின்னச் சின்ன ஆட்கள் தெரிகிறார்களாம், வரிசையாகப் போகிறார்களாம். “பேசுதா?” இல்லை. “ஒங்க ஆளப் பேர் சொல்லிக் கூப்புடுதா?” இல்லை. “எதாச்சும் கேக்குதா? கோழி, சுருட்டு, பட்டு?” ஒன்றும் கேட்கவில்லை. “கனவுல வருதா, முழிச்சிருக்கப்பவா?” முழித்திருக்கும்போது, காபி குடிக்கும்போது. அவர் நாற்காலி கிறீச்சிட்டது, என் பக்கம் திரும்பியிருப்பார். “அப்ப அது சாமியுமில்ல, பேயுமில்லய்யா. ஒண்ணுமே கேக்காதது எதுவும் எங்க டிபார்ட்மெண்டுல கெடையாது. ஒங்க ஆள டாக்டரத்தேன் பாக்கச் சொல்லணும்.” சற்றுக் கழித்துத் தணிந்த குரலில், “சொல்லப் பயமா இருந்தா எங்கிட்ட வரச் சொல்லுங்க, ஒரு எலுமிச்சங்கா தாரேன். பயத்துக்குக் கேக்கும். கண்ணுக்குக் கேக்காது” என்றார். இப்படி எல்லை தெரிந்த ஒருவரைப் பல்கலைக்கழகத்தில் நான் சந்தித்ததில்லை. மூன்றாம் சொட்டு வந்தது, அது எரியக்கூட இல்லை. அவர் பெயரைக் கூப்பிட்டார்கள், எழுந்து போகும்போது என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். முகம் பார்க்கவே இல்லை, தெருவில் எதிரே வந்தால் தெரியாது.

என்னைக் கூப்பிட்டார்கள். சங்கரி கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணைத் திறந்தால் உலகம் ஒரே வெளிச்சமாகக் கரைந்து கிடக்கிறது, ஜன்னல் ஒரு வெள்ளைக் கொப்புளம். டாக்டர் சின்னப் பெண், குரலிலிருந்து முப்பது இருக்கும். தாடையை வையுங்கள், நெற்றியை ஒட்டுங்கள், என் காதைப் பாருங்கள், கீழே பாருங்கள். கருவியின் வெளிச்சம் மூளை வரைக்கும் போய்த் துழாவுகிற மாதிரி இருந்தது. புரை நன்றாக முற்றியிருக்கிறது, அதோடு ரெண்டு கண்ணிலும் விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்திருக்கிறது, வயசு, என்று சங்கரியிடம் சொன்னாள். தேதி எழுதினாள். பேனாவை மூடுகிற சத்தம் கேட்டது. “வேற ஏதாவது சொல்லணுமா ஐயா?” இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சுவரைப் பார்த்தேன். அவள் தலைக்குப் பின்னால் பாய் நிதானமாக விரிந்தது, ஓரத்தில் செம்மண், அற்புதராஜ் அதே நிறத்தைக் கலக்க ஒரு மாதம் பாடுபட்டது ஞாபகம் வந்தது. “சுவரில் பாய் விரிகிறது” என்றேன். சங்கரியின் கை என் கைக்குள் இறுகியது. “அப்பா, என்ன சொல்றீங்க?” பாய், பிறகு ஆட்கள், குடை, அகராதி, எல்லாவற்றையும் சொன்னேன். நாற்பது வருஷத்தில் அடிக்குறிப்பு இல்லாமல் நான் பேசிய முதல் பேச்சு அதுதான். டாக்டர் சிரித்தாள், நல்லபடியாக. “எத்தனை மாசமா மறைச்சு வெச்சிருக்கீங்க? எல்லாரும் மறைக்கிறாங்க, பைத்தியம்னு சொல்லிருவாங்கன்னு. ஒண்ணுமில்ல ஐயா. கண்ணுலேர்ந்து படம் சரியா வரலைன்னா மூளை சும்மா இருக்காது, அதுவா எதையாவது போட்டு நிரப்பிக்கும். கட்டம், பூ வேலை, குட்டி ஆளுங்க, இதுதான் சாதாரணமா வரும். புத்திக்கு ஒண்ணும் இல்ல.” அப்புறம், “அறுத்தாக் குறையலாம், குறையாமலும் போகலாம். தொந்தரவு பண்ணுதா?” என்றாள். இல்லை என்றேன். மருந்து, கஞ்சா மாதிரி ஏதும் இல்லாமலே இப்படி வருமா என்று கேட்டேன், தாடை இன்னும் கருவியின் மேலேயே இருந்தது. “அதெல்லாம் எதுக்கு? பார்வை போனாப் போதும்.” சர்க்கரையால் பார்வை போனால்? “வரலாமே. யாருக்காவது இருந்துச்சா?” இருந்தது என்றேன்.

வெளியே நீள பெஞ்சில் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்தேன். ராத்திரி வரைக்கும் எழுத்து தெரியாது, போனில் பெயரைத் தேடக்கூட முடியாது. சங்கரி என்னைக் கேட்க நிறைய வைத்திருந்தாள். எஸ்தர் அம்மாவைக் கூப்பிடு, பாளையங்கோட்டை என்று போட்டிருப்பேன் என்றேன். நாலு தடவை மணி அடித்த பிறகு எடுத்தார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை கிறிஸ்துமஸுக்குப் பேசுவது வழக்கம், இது சித்திரை. “என்ன சார், நல்லாருக்கியளா?” ஆஸ்பத்திரி, கண், பாய், டாக்டர் சொன்னது என்று வரிசையாகச் சொன்னேன். அவர் அப்போது எதையும் தொடவில்லை, கண்தான் காரணம், இன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது என்றேன். அந்தப் பக்கம் குக்கர் விசிலடித்து அடங்கியது. “அது எங்களுக்குத் தெரியும்லா சார். வீட்டுல இருக்கவங்களுக்குத் தெரியாதா? பள்ளிக்கூடத்துக்குத்தான் தெரியாது.” அந்த அத்தியாயத்தைப் புத்தகத்திலிருந்து எடுத்துவிடுகிறேன் என்றேன். “புஸ்தகம் ஒங்க இஷ்டம். அதை இங்க ஆரு படிச்சா? பள்ளிக்கூடத்துக்கு ஒரு லெட்டர் போடுங்க. அவரு பேரு ரிஜிஸ்டர்ல எப்படி எழுதியிருக்கோ, அது மாறட்டும். அது போதும்.” பிறகு, கண் ஆபரேஷன் என்றைக்கு, தலைக்கு எத்தனை நாள் குளிக்கக் கூடாது என்றெல்லாம் கேட்டுவிட்டு வைத்தார்.

பேப்பர் இருக்கிறதா என்று சங்கரியிடம் கேட்டேன். மருந்துச் சீட்டின் பின்பக்கம்தான் இருந்தது, அது போதும் என்றேன். முன்னுரை ஒன்று மனசுக்குள் தயாராக எழுந்து நின்றது: அறிவு எவ்வாறு பிழைபடுகிறது என்று தொடங்குகிற, நல்ல தாளம் உள்ள முன்னுரை. உட்காரு என்றேன் அதை. “அனுப்புநர் என் பெயர். பெறுநர், தாளாளர் அவர்கள். பள்ளிப் பெயரைப் பிறகு சொல்கிறேன். பொருள் என்று போடு.” போட்டேன் என்றாள். “ஓவிய ஆசிரியர் அற்புதராஜ் கஞ்சா பிடிக்கவில்லை என்பது, தொடர்பாக.” பேனா காகிதத்தில் ஓடி நின்றது. “அப்புறம்ப்பா?” என்றாள். “ஐயா, பொய் எழுதியவன் நான்” என்றேன். மெதுவாகச் சொல்லுங்கள் என்றாள், மறுபடி மெதுவாகச் சொன்னேன்.